மதியச் சாப்பாட்டு நேரத்துக் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களிடம் “நீங்க ஏன் கிறிஸ்டியன்?” என்று யாரும் கேட்பதில்லை. தெருவுக்குத் தெரு கோயில் (நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்), கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம், டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு ஸ்டார். கிளாரிந்தா என்ற பிராமண விதவை 1785-இல் கட்டிய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த ஊரில் இருந்தவரை என் விசுவாசத்துக்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வங்கியில் பதவி உயர்வு வாங்கிக் கும்பகோணத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அந்தத் தேவை வந்தது.

கேட்டவர்கள் யாரும் எதிரிகள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊறுகாயை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்பார்கள். “மேடம், தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது மதம்தான் என்பது எனக்குப் பழகிப்போனது. பாதி கேள்விகள் வெறும் ஆர்வம். சிலவற்றில் சீண்டல் இருக்கும். அபூர்வமாக ஒன்று, உள்ளே ஒரு காயத்தை வைத்துக்கொண்டு வெளியே வம்பு போல வரும்.

“உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்” என்பது ஞாயிறு பள்ளியில் எல்லோரும் ஒப்பித்த வசனம். பேதுருவின் முதலாம் நிருபம், 3:15. சாந்தமாக இருங்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆயத்தமாக இருங்கள் என்ற பாதியை அவ்வளவாகக் கேட்டதில்லை. பொந்து, கலாத்தியா, பித்தினியா என்று சிதறிக் கிடந்த சிறுபான்மையினருக்குப் போன கடிதம் அது. அந்தப் பித்தினியாவில்தான் பின்னால், சுமார் 112-இல், கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் பேதுரு பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்கிறார். சாந்தம் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் வீட்டுப்பாடம். விடை தெரியாத இடத்தில்தான் நமக்குக் குரல் ஏறுகிறது.

முதலில் வந்தது எல்லோருக்கும் வருகிற கேள்விதான்: “வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்தானே?”

இதற்கு நம் ஆட்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. இயேசுவின் சீஷர் தோமா கி.பி. 52-இலேயே இங்கே வந்துவிட்டார் என்பார்கள். நான் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. அது பழைய, உறுதியான மரபு. ஆனால் கல்வெட்டு மாதிரி எடுத்து நீட்ட முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்வேன். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர் மிளகு விளைகிற மலபாரில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை ஒன்று இருக்கிறது. 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்தபோதே அது பழசு. வாஸ்கோ ட காமா வந்ததே 1498-இல்தான். இவ்வளவையும் சொல்லிவிட்டு நானே அடுத்த வரியையும் சேர்த்துக்கொள்வேன்: “ஆனா எங்க குடும்பம் மாறினது வெள்ளைக்காரங்க காலத்துலதான் சார், அதுல சந்தேகமே இல்லை.”

அந்தக் கடைசி வரி செய்கிற வேலையை முன்னால் சொன்ன வரலாறு முழுவதும் சேர்ந்தாலும் செய்யாது. எதிரே இருப்பவர் சட்டென்று தளர்வார். இவள் வக்கீல் மாதிரி வாதாட வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அதன் வாலைப் பிடித்தே இன்னொன்று வரும். அரிசிக்கும் கஞ்சிக்கும் மாறினவர்கள் என்பது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கவுன்ட்டரில் நின்றபடியே இதைச் சொன்னார். 1876 முதல் 78 வரை தென்னாட்டை உலுக்கிய பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தது உண்மை. “பசியில வந்தவங்களும் உண்டு ஐயா. பசிச்சப்போ சோறு போட்டவங்க யாரைக் கும்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்த்திருப்பாங்க. அதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்லை” என்றேன். அவர் டிடி ஃபாரத்தை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். பதில் சொன்ன பிறகு எதிராளி முகத்தில் தோல்வி தெரிகிறதா என்று தேடாமல் இருப்பது ஒரு தனிப் பயிற்சி.

எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்தவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார். தேவாரம் பாடுகிறவர், சைவ சித்தாந்தம் படித்தவர், வாயில் எப்போதும் ஒரு பதிகம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கேள்விகள் மேலோட்டமாக இருக்காது. “பைபிளை இஷ்டத்துக்கு மாத்திட்டாங்களாமேம்மா? வாட்ஸாப்பில் வந்தது” என்று ஒரு நாள் போனை நீட்டினார். அந்தச் செய்தியில் பாதி உளறல். ஆனால் உளறலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் கேள்வி அப்படியே நிற்கும். “சார், ரெண்டு நாள் டைம் குடுங்க” என்றேன். இதைச் சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. தெரியவில்லை என்றால் விசுவாசம் குறைந்துவிட்டது போல ஒரு பயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அப்புறம் ஞாபகமாகத் திரும்பி வந்து பதில் சொன்னால், நாம் சொல்கிற மற்றதையும் நம்புவார்கள். திரும்பி வருவது முக்கியம். வராவிட்டால் நழுவினோம் என்றுதான் அர்த்தம்.

வந்து அவரிடம் முதலில் காட்டியது நம் பக்கத்துச் சந்தேகங்களை. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டுச் சினாய்ப் பிரதியில் இல்லை. அதில் 16:8-உடன் முடிந்துவிடுகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் கிடையாது. புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்பிலேயே இதைப் போட்டிருக்கிறார்கள், யாரும் ஒளித்து வைக்கவில்லை. அப்புறம் மறுபக்கம்: 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த தோல்சுருள்களில் ஏசாயா முழுப் புத்தகமும் இருந்தது. அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட அது சுமார் ஆயிரம் ஆண்டு மூத்தது. எழுத்து வேறுபாடுகள் ஏராளம், சின்னச் சின்னச் சொல் வேறுபாடுகளும் உண்டு. ஆனாலும் அது நாம் வாசிக்கிற ஏசாயாதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். “எங்க கதையும் இதானே. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில போய் அறையைத் திறந்து பார்த்தா, தேவார ஏடெல்லாம் செல்லரிச்சுக் கிடந்துதாம். இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வெச்சிருக்கோம்னு அசரீரி சொல்லித்தாம். மிச்சத்தைத்தான் பாடிண்டிருக்கேன்.” அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் பேசினோம். அவர் வேதத்தை நான் சோதிக்கவில்லை, என் வேதத்தை நானே சோதித்துக் காட்டினேன். அதனால்தான் அவர் தன் பெட்டியையும் திறந்தார் என்று நினைக்கிறேன்.

அவரும் அவர் மனைவியும் நானும் என் கணவரும் ஒரு விடுமுறை நாளில் தரங்கம்பாடிக்குப் போனோம். அவருக்குக் கோட்டையையும் கடலையும் பார்க்க ஆசை, எனக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். அவரைச் சிறையில் போட்டது உள்ளூர்க் கோயில்காரர்கள் இல்லை, டேனிஷ் கோட்டையின் தளபதிதான். மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார். அரசாங்கமும் மிஷனரியும் எப்போதும் ஒரே ஆள் என்று நினைத்திருந்த சாருக்கு இது புதுச் செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. சீகன்பால்கு தமிழர்களுக்குக் கடிதம் எழுதி உங்கள் தெய்வங்களைப் பற்றி, வழக்கங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலே எழுதி ஊருக்கு அனுப்பி வைத்தார். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். புறமதத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கோபம். கடைசியில் 1867-இல்தான் சென்னையில் அச்சானது.

அடுத்தவர் நம்பிக்கையை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அதை நானும் செய்து பார்த்தேன். சார் பாடுகிற பதிகத்துக்குப் பொருள் கேட்பேன். கேட்டதனால் என் விசுவாசம் குறையவில்லை. எங்கே நாங்கள் உண்மையாகவே வேறுபடுகிறோம் என்பது துலக்கமாகத் தெரிந்தது. பாதி வாக்குவாதங்கள் வேறுபாடே இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன.

இதை மறுபுறமிருந்து பார்க்க வேண்டுமானால் ஆறுமுக நாவலர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிள் தமிழாக்கத்துக்கு உழைத்தவர், பின்னால் மிஷனரிகளை எதிர்த்துச் சைவத்துக்காக வாழ்நாள் முழுக்க எழுதியவர். எங்களைப் படித்துவிட்டு எதிர்த்தார். படிக்காமல் எதிர்ப்பவர்கள் இரண்டு பக்கமும் நிறைய.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் தகவல் பதில் ஆகாது. எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் வைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். மாமியார் இறந்து சில வாரம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தை என் மேஜைமேல் வைத்து, “சாமி கும்பிடுறவங்க எல்லாம் நரகத்துக்குப் போவாங்கன்னு போட்டிருக்கே மேடம். எங்க அத்தை யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணதில்லை. அவங்களுமா?” என்று கேட்டார். கண்ணில் நீர் நிற்கிறது.

பிரசுரத்தை எழுதியவர் அந்தக் கண்ணைப் பார்த்து எழுதவில்லை. நான் உட்காரச் சொன்னேன். அத்தையைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் அவரே பேசினார். அப்புறம் சொன்னேன்: “அக்கா, யார் எங்க போவாங்கன்னு தீர்ப்பு சொல்ற வேலையை எனக்கு யாரும் குடுக்கலை. ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ன்னு ஆபிரகாம் கடவுள்கிட்டயே கேட்டிருக்கார். அவர் அநியாயம் பண்ண மாட்டார், அது மட்டும் எனக்கு நிச்சயம்.” அவர் விடவில்லை. “அப்ப எல்லாச் சாமியும் ஒண்ணுதானே மேடம்?” ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். “நான் அப்படி நம்பலை அக்கா. இயேசுதான் வழின்னு நம்புறேன். அதை உங்ககிட்ட மறைச்சா பொய்யாயிரும்” என்றேன். அவர் தலையசைத்தார். கோபப்படவில்லை. ஆறுதலாகப் பேசுவதற்காக உண்மையைக் குறைக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் கணக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றிக் கேட்பவர்களிடம் இதைவிடவும் குறைவாகவே பேசுவேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் எங்களுக்கு உண்டு. வேளாங்கண்ணியில் பேராலயம் தப்பியதை அற்புதமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரையில் செத்துப்போன யாத்திரிகர்களின் வீட்டார் முன்னால் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். கடவுள் ஏன் அனுமதித்தார் என்று, பைபிளில் அத்தனை துன்பப்பட்ட யோபுவுக்கே கடைசிவரை சொல்லப்படவில்லை. அந்தக் கேள்வி வந்தால் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன்.

கிளைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி நேராகவே கேட்டான். “உங்க சர்ச்சுலயும் சாதி இருக்கே மேடம். கல்லறையே தனித்தனியா வெச்சிருக்கீங்களாமே?” இதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. இருக்கிறது என்றேன். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். இதே தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். அதையும் சொன்னேன். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை, சர்ச்சுக்குள்ளும் சமத்துவம் இல்லை, இரண்டு பக்கமும் அடி என்று அவனே எடுத்துக் கொடுத்தான். அவன் அம்மா வழியில் கிறிஸ்தவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இயேசுவுக்காகப் பேசுவதும் சபை செய்த எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குவதும் ஒன்றென்று நினைத்தால், இந்த இடத்தில் பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

நடைமுறைச் சங்கடங்களில் பெரியது ஆயுத பூஜை. காலையிலேயே வந்து மேஜையைத் துடைத்து, பழைய ஃபைல்களை அடுக்கி, எல்லா வேலையிலும் கூட நிற்பேன். ஆரத்தி காட்டும்போது மரியாதையாக ஒதுங்கி நிற்பேன். சர்க்கரைப் பொங்கல் வந்தால், “படைச்சதை நான் சாப்பிடறதில்லை சார், மன்னிக்கணும்” என்று ஒரே வரி. நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் “சுகர் இருக்கு” என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வாரம் யாருக்கோ பிறந்தநாள் வரும், கேக்கை இரண்டு துண்டாக எடுத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? சாப்பிடலாம் என்று நினைக்கிற கிறிஸ்தவர்களும் உண்டு, பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வைத்து இரண்டு பக்கமும் பேசலாம், என் அண்ணனே சாப்பிடுவான். எது உங்கள் மனசாட்சியோ அதைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். காரணத்தைப் பிரசங்கமாக நீட்டாதீர்கள், கேட்டால் சொல்லலாம். பிரசாதத்தை மறுக்கிறவர் அன்றைக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கவும் வராவிட்டால், மதம் என்பது அவர்களுக்கு வெறும் ஒதுக்கமாகத்தான் தெரியும்.

சர்ச்சுக்குள் பேசுகிற தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதும் நல்லது. இரத்தத்தால் கழுவப்பட்டேன் என்று டைனிங் ரூமில் சொன்னால் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியைத் தேடுவார்கள்.

வாட்ஸாப் குரூப்பில் மதத்தைப் பற்றி யார் என்ன போட்டாலும் நான் பதில் போடுவதில்லை. அங்கே ஐம்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், யாரும் இறங்கிவர முடியாது. போட்டவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேசுவேன். இதைவிடக் கஷ்டமானது நம் சொந்த சர்ச் குரூப். மற்ற தெய்வங்களைக் கேலி செய்கிற படங்கள் அங்கே வரும்போது, “சார் பார்த்தால் என்ன நினைப்பார்?” என்று எனக்குத் தோன்றும். வேண்டாம் என்று எழுதுவேன். ஒரு அத்தை என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. மற்ற மதத்தவர் இல்லாத இடத்தில் அவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறோமோ, அதுதான் எதிரில் இருக்கும்போதும் குரலில் கசியும்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் சார் கேட்டார், “எல்லாம் சரிம்மா. நீ ஏன் நம்பற? அப்பா அம்மா சொன்னதாலயா?” முதலில் அதனாலதான் என்றேன். இப்போது ஏன் என்றால், கல்லறை காலியாக இருந்தது என்பதால். “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று பவுலே எல்லாவற்றையும் அந்த ஒன்றின்மேல் வைத்துவிட்டார். இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அது சாவுக்குத்தான் சாட்சி, உயிர்த்தெழுதலுக்கு இல்லை. அதற்கு மேல், பயந்து ஓடிப்போன சீஷர்கள் அதே எருசலேமில் திரும்பி நின்று பேசினார்களே, அதற்கு வேறு காரணம் எனக்குப் பொருந்தி வரவில்லை. எனக்குத் தெரிந்ததை இவ்வளவுதான் சொன்னேன். இடையில் அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார், கூட்டமாகக் கண்ட மனப்பிரமையாக இருக்கலாமே என்றார், அதையும் பேசினோம்.

“எனக்கு ஒத்து வரலைம்மா. ஆனா நீ சும்மா நம்பலைங்கறது தெரியறது” என்றார்.

மிஷனரி ஸ்வார்ட்ஸ் நினைவு வந்தது. எங்கள் ஊர்க் கிளாரிந்தாவுக்கு 1778-இல் ஞானஸ்நானம் கொடுத்தவர். தஞ்சாவூரில் பின்னால் மன்னரான இரண்டாம் சரபோஜியைத் தன் பாதுகாப்பில் வைத்துப் படிக்க வைத்தார், சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனால் குரு 1798-இல் இறந்த பிறகு, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்து வரவழைத்தார். தஞ்சாவூர்ச் சர்ச்சில் இப்போதும் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று அந்த இடத்தில் நின்று யாரும் கேட்பதில்லை.

சார் ஓய்வு பெற்றும் கேள்விகள் நின்றபாடில்லை, இப்போது போனில் வருகின்றன. சமீபத்தில் வந்தது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றும் எப்படி ஒன்று என்பது. தண்ணீர், பனிக்கட்டி, ஆவி என்கிற உதாரணத்தை மட்டும் சொல்லாதே, அது சரியில்லை என்று எனக்கே தெரியும் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். மார்ச் க்ளோசிங் முடியட்டும் சார் என்று சொல்லியிருக்கிறேன்.